ஆண் பிள்ளைக்கும் வரும் உண்ணும் கோளாறு



"இவன் ஒழுங்கா சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று குறைப்படாத தாய் நம் பக்கத்தில் இல்லை. பெரும்பாலும் அது நாலு நாள் சங்கதி. பரீட்சை முடிந்ததும், காய்ச்சல் விட்டதும் பிள்ளை மறுபடி பழையபடி சாப்பிடுவான். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் சில வீடுகளில் நாலு நாள் என்பது நாலு மாதம் ஆகிவிடுகிறது. சட்டை தொளதொளக்கிறது, முகம் ஒட்டிப் போகிறது, பிள்ளை யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பெண் பிள்ளை இப்படி இளைத்தால் வீட்டில் உடனே கேள்வி எழுகிறது. ஆண் பிள்ளை இளைத்தாலோ, "வளர்ற பையன், உயரம் போடுறான்" என்று விட்டுவிடுகிறோம். வேளைச் சோற்றைத் தள்ளிவிட்டு மணிக்கணக்காக ஜிம்மில் கிடந்தால், "உடம்பைப் பார்த்துக்கிறான்" என்று பெருமைகூடப் படுகிறோம். இதனால் நோய் முற்றிய பிறகுதான் ஆண் பிள்ளைகள் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். இந்த நோய் ஆண்களுக்கும் வரும் என்பதையும், வந்தால் பெற்றோரும் மனைவியும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

உண்ணும் கோளாறு என்றால் என்ன?

சாப்பாடு, எடை, உடம்பின் தோற்றம் ஆகியவை பற்றிய நினைப்பே மனதை முழுதும் பிடித்துக்கொண்டு, அதனால் உண்ணும் முறை கெட்டு, உடலும் கெடுவதை உண்ணும் கோளாறு என்கிறோம். இது மனமும் உடலும் சேர்ந்த நோய். பிடிவாதமோ, திமிரோ, செய்வினையோ அல்ல. ஆண்களிடம் இது ஐந்து வகையாகக் காணப்படுகிறது.

1. பட்டினி வகை: எடை கூடிவிடுமோ என்ற பயத்தால் சோற்றைக் குறைத்துக்கொண்டே போவது. எலும்பும் தோலுமாக ஆன பிறகும் "தொப்பை இருக்கு" என்பான்.

2. தின்று கக்கும் வகை: யாரும் இல்லாத நேரத்தில் கட்டுக்கடங்காமல் தின்றுவிட்டு, பிறகு வாயில் விரலை விட்டு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மறுநாள் முழுப் பட்டினி கிடப்பது. இதில் எடை அதிகம் குறைவதில்லை. ஆகவே வெளியே தெரிவதும் இல்லை.

3. அளவு மீறித் தின்னும் வகை: பசி இல்லாதபோதும் வயிறு வலிக்கும் வரை தின்பது, பின்பு வெட்கப்பட்டு வருந்துவது. ஆண்களிடம் அதிகம் காணப்படும் வகை இதுதான்.

4. சதை போதாது என்னும் வகை: நல்ல உடற்கட்டு இருந்தும் "இன்னும் ஒல்லியாத்தான் இருக்கேன்" என்று எண்ணி, ஓய்வின்றி எடை தூக்குவது, பவுடர், ஊசி என்று போவது. உடல் தோற்றம் பற்றிய மனக்குறை நோயான இதை, உணவுமுறையையும் கெடுப்பதால் உண்ணும் கோளாறுகளோடு சேர்த்துப் பார்க்கிறோம்.

5. பயந்து ஒதுக்கும் வகை: எடையைப் பற்றிய எண்ணமே இல்லாமல் உணவை ஒதுக்குவது. தொண்டையில் மீன் முள் சிக்கிய சிறுவன், முள்ளை எடுத்த பிறகும் மாதக்கணக்கில் கஞ்சியும் பாலும் தவிர எதையும் விழுங்க மறுக்கலாம். சின்னப் பையன்களிடம் இந்த வகை குறைவில்லை.

ஆண்களுக்கு வருமா?

இது இந்தக் காலத்து நோய் என்று சிலர் எண்ணலாம். 1689ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அவர் விவரித்த நோயாளிகள் இருவர். ஒருத்தி 18 வயதுப் பெண். மற்றவன் ஒரு பாதிரியாரின் 16 வயது மகன். காய்ச்சலோ இருமலோ இல்லாமல், படிப்பின் சுமையாலும் மனக் கலக்கத்தாலும் அவனுக்குப் பசியே அற்றுப் போயிற்று என்று மருத்துவர் கண்டார். படிப்பை நிறுத்தி, கிராமத்துக் காற்றில் இருக்கச் செய்து, பாலுணவு தரச் சொன்னார். பையன் பெருமளவு தேறினான். ஆக, இந்த நோயைப் பற்றிய முதல் விவரங்களிலேயே ஆண் பிள்ளை இருக்கிறான்.

1873இல் இதற்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயர் சூட்டிய வில்லியம் கல் என்ற மருத்துவரும், ஆண்களிடம் இதைச் சிலபோது கண்டதாகக் குறித்தார். ஆனாலும் பின்னாளில் மருத்துவ நூல்கள், மாதவிலக்கு நின்று போவதையும் இந்த நோய்க்கு ஓர் அடையாளமாக எழுதி வைத்தன. மாதவிலக்கே இல்லாத ஆணுக்கு அந்த அடையாளம் எப்படிப் பொருந்தும்? உலக மனநல மருத்துவர்கள் பெரிதும் பின்பற்றும் அமெரிக்கக் கையேடு அதை 2013இல்தான் நீக்கியது. 2007இல் வெளியான அமெரிக்க நாடு தழுவிய ஆய்வு ஒன்றில், பட்டினி வகையிலும் தின்று கக்கும் வகையிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஆண் என்று தெரிந்தது.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. 1990களிலேயே சென்னையில் மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடையே ஆய்வு செய்து, முழு நோயாக முற்றாவிட்டாலும் சாப்பாடு, எடை பற்றிய மன உளைச்சல் காணப்படுவதை எழுதினார்கள்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. பரம்பரைக் கூறு உண்டு. எதிலும் குறை வைக்கக் கூடாது என்று தன்னையே வருத்திக்கொள்ளும் சுபாவம் உண்டு. இவற்றோடு வெளிக் காரணங்களும் சேர்கின்றன.

கேலி: "குண்டா", "பூசணிக்கா", "ஓமக்குச்சி" என்று பள்ளியில் அழைக்கப்படும் பிள்ளை அதை மறப்பதில்லை. வீட்டில் மாமனும் சித்தப்பாவும் விளையாட்டாகச் சொல்வதும் அப்படியே உள்ளே தங்குகிறது.

எடைக் கணக்கு: கபடியில் எடை வரம்பு உண்டு. போட்டிக்கு முன் ஒன்றிரண்டு கிலோ குறைக்க, சோறும் தண்ணீரும் விட்டு வெயிலில் ஓடும் பையன்கள் இருக்கிறார்கள். காவலர் தேர்வு, ராணுவத் தேர்வு என்று உடல் தகுதிக்காக உழைக்கும் வாலிபர்களும் இதில் சிக்கலாம்.

படம் பார்த்து ஏங்குவது: சினிமாவிலும் செல்போனிலும் தெரியும் உடம்பு, விளக்கொளியும் ஒப்பனையும் பல மாதத் தனிப் பயிற்சியும் சேர்ந்து காட்டுவது. கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடற்கரையில் சட்டையைக் கழற்றி நிற்கவே வெட்கப்படும் பையன், அந்தப் படத்தோடுதான் தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறான்.

துக்கம்: தகப்பனின் குடி, வீட்டுச் சண்டை, தேர்வில் தோல்வி, தகாத முறையில் யாரேனும் தொட்டது. வாய்விட்டு அழ ஆண் பிள்ளைக்கு நாம் இடம் தருவதில்லை. அந்தத் துக்கம் சாப்பாட்டின் வழியாக வெளிப்படலாம்.

விரதம் வேறு, நோய் வேறு

நம் மாவட்டத்தில் விரதத்துக்குப் பஞ்சமில்லை. திருப்போரூர் முருகனுக்குக் கந்த சஷ்டி விரதம், ஐயப்பனுக்கு மாலை போடுவது, ரமலான் நோன்பு, தவக்காலம் எல்லாம் உண்டு. இவை நோய் அல்ல. விரதத்துக்கு ஆரம்ப நாளும் முடியும் நாளும் உண்டு. ஊரும் உறவும் சேர்ந்து இருப்பது, முடிந்ததும் சந்தோஷமாகச் சாப்பிடுவது. நோய்க்கு முடியும் நாள் கிடையாது. பிள்ளை தனியாக, மறைவாக இருக்கிறான். முடிந்த விரதத்தை மேலும் மேலும் நீட்டுகிறான். "இன்னைக்கு எனக்கு விரதம்" என்பது வாரத்தில் ஒரு நாள், பின் மூன்று நாள், பின் ஐந்து நாள் என்று பெருகினால் கவனியுங்கள்.

இல்லாமையால் வரும் பசியும் இந்த நோய் அல்ல. மேலும், இளைப்பதெல்லாம் உண்ணும் கோளாறு என்றும் எண்ணக் கூடாது. காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு, குடற்புழு, குடிப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவற்றாலும் உடல் இளைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். எனவே முதல் வேலை மருத்துவரிடம் காட்டுவதே.

பட்டினி உடலை என்ன செய்கிறது?

1944-45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. போரால் பட்டினியில் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக, நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள 36 ஆண்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்று உணவே தரப்பட்டது. எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது.

அவர்களுக்கு என்ன ஆயிற்று? எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலும் சோகமும் வந்தன. நண்பர்களை விட்டு விலகினார்கள். எப்போதும் குளிர்ந்தது. இல்லற ஆசை அற்றுப் போயிற்று. மறுபடி நிறைய உணவு கிடைத்த பிறகும் சிலரால் அளவோடு நிறுத்த முடியவில்லை. உடல் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் பிடித்தன.

இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. திடமான ஆண்களையே பட்டினி இப்படி மாற்றும் என்றால், நம் பிள்ளையின் கோபமும் ஒதுங்கலும் அவன் குணம் அல்ல, பட்டினியின் விளைவாகவும் இருக்கலாம். சோறு உள்ளே போனால்தான் புத்தியும் தெளியும்.

பட்டினி நீடித்தால் இதயம் மெதுவாகத் துடிக்கும். எலும்பு வலுவிழக்கும். வளரும் வயதில் உயரம் தடைப்படலாம். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறைகிறது. அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணமும் நேரலாம். மனநோய்களில் அதிகம் உயிரைப் பறிப்பவற்றுள் பட்டினி வகை ஒன்று.

குழந்தைப் பேறும் சதை ஊசியும்

திருமணமான தம்பதிகள் இந்தப் பகுதியை நன்றாகக் கவனிக்க வேண்டும். பட்டினியால் ஆண் ஹார்மோன் குறைகிறது. ஆசையும் குறைகிறது, விந்தணுவும் குறைகிறது.

சதை ஏறுவதற்கென்று சில இடங்களில் மறைவாகத் தரப்படும் ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் இன்னும் கெடுதல். இவை ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தவை. (இளைப்பு நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு, அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.) வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், "இனி நீ வேலை செய்ய வேண்டாம்" என்பது போல மூளை விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விதை சிறுத்துப் போகிறது, விந்தணு உற்பத்தி குறைகிறது, சிலருக்கு முற்றிலும் நின்றும் போகிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. வெளியே கட்டுமஸ்தான உடம்பு, உள்ளே பிள்ளைக்கு வழியில்லை.

கல்யாணமாகி ஓராண்டு ஆகியும் குழந்தை இல்லை என்றால் மருமகளை மட்டும் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைய வைப்பது நியாயமில்லை. கணவனும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

சதை வளர ஊசி தேவையில்லை. 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். கடும் உழைப்பாளிக்கும் பயிற்சி செய்பவருக்கும் சற்றுக் கூடுதலாக வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், மத்தி போன்ற மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம், கைப்பிடி வேர்க்கடலையில் சுமார் 7 கிராம் உண்டு. பருப்பு, சுண்டல், பால், தயிர், ஏன், சோற்றிலும் கொஞ்சம் உண்டு. நம் கரையில் இறங்கும் மீனும் நம் நிலத்தில் விளையும் கடலையும் இருக்க, பவுடர் டப்பாவுக்குக் கடன் வாங்க வேண்டாம்.

வீட்டில் தெரியும் அறிகுறிகள்

- "அப்புறம் சாப்பிடுறேன்", "வெளியே சாப்பிட்டேன்" என்று தினமும் சாக்குச் சொல்வது
- சோற்றைப் பிசைந்து பிசைந்து ஒதுக்குவது, நாய்க்குப் போட்டுவிடுவது
- சாப்பிட்ட உடனே கழிப்பறைக்கோ கொல்லைப்புறத்துக்கோ போவது
- பாத்திரத்தில் இருந்த பண்டம் இரவில் மாயமாவது
- கன்னத்தின் கீழ்ப்புறம் வீங்குவது, பல் கூசுவது, விரல் முட்டியில் காய்ப்பு
- வெயிலிலும் குளிர்கிறது என்பது, தொளதொளச் சட்டைக்குள் ஒளிவது
- காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விடாதது, ஒரு நாள் விட்டால் பதறுவது
- எந்நேரமும் கண்ணாடி முன் நிற்பது, அல்லது கண்ணாடியையே தவிர்ப்பது

மாதம் ஒரு முறை எடை பாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் எடை பார்க்கும் கருவி உண்டு. வளரும் பிள்ளையின் எடை ஆண்டுதோறும் ஏற வேண்டும். ஓராண்டாக ஒரே எடையில் நின்றாலும் அது குறைந்ததற்குச் சமம். வளர்ச்சி முடிந்த ஆண் 165 செ.மீ. உயரம் இருந்தால், 50 கிலோவுக்குக் கீழே போவது நல்லதல்ல.

தம்பதிகள் செய்ய வேண்டியவை

முதலில் கணவனும் மனைவியும் தனியே பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். தாய் கெஞ்ச, தகப்பன் அதட்ட, இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நோய்தான் ஜெயிக்கும்.

பிறகு சாப்பாட்டு நேரமல்லாத வேறு நேரத்தில் பிள்ளையிடம் பேசுங்கள். இப்படிப் பேசலாம்: "கண்ணு, ரெண்டு மாசமா உன் சட்டை லூசா தொங்குது. ராத்திரி சோறு வேணாம்னு எழுந்துடுற. எனக்கும் அம்மாவுக்கும் கவலையா இருக்கு. உன்னைத் திட்ட வரல. நாளைக்கு மூணு பேருமா டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்." அவன் கோபப்படலாம், "எனக்கு ஒண்ணும் இல்ல" எனலாம். மறுநாள் மீண்டும் அதே அமைதியோடு சொல்லுங்கள்.

கணவனிடம் இது கண்டால் மனைவி, "என்னங்க, நீங்க வாந்தி எடுக்கிறது எனக்குத் தெரியும். வெட்கப்பட ஒண்ணுமில்ல. நானும் கூட வரேன்" என்று சொல்லலாம்.

1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான ஒரு சிகிச்சை முறையில், பிள்ளையைத் தேற்றும் பொறுப்பு பெற்றோரிடமே தரப்படுகிறது. மருத்துவரின் வழிகாட்டுதலோடு, என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைச் சில காலம் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. யாரேனும் ஒருவர் கூட உட்கார வேண்டும். எடை தேறத் தேற பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. வளரிளம் வயதினருக்கு நல்ல பலன் தரும் முறை என்று இது நிரூபிக்கப்பட்டுள்ளது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் உள்ள வீட்டுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது.

தின்று கக்கும் வகைக்கும் அளவு மீறித் தின்னும் வகைக்கும் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

செய்யக் கூடாதவை

- அடித்தோ வாயில் திணித்தோ ஊட்டாதீர்கள்.
- உடம்பைப் பற்றிக் கேலி பேசாதீர்கள். "இப்போ பரவாயில்ல, சதை போட்டிருக்கே" என்ற பாராட்டுகூட நோயாளியின் காதில் கேலியாக விழும்.
- "ஆம்பளைக்கு என்னடா இந்த நோவு?" என்று கேட்காதீர்கள்.
- கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகும் என்று நம்பாதீர்கள். அதனால் இன்னொரு பெண்ணின் வாழ்வும் கெடும்.
- பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் விருந்து போடாதீர்கள். திடீரென நிறைய உண்டால் இரத்தத்தில் உப்புகளின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

மயங்கி விழுதல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல், ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே போதல், நெஞ்சு படபடத்துத் தப்பித் தப்பி அடித்தல், இரத்த வாந்தி, கால் வீக்கம், தண்ணீரும் குடிக்க மறுத்தல், சாக வேண்டும் என்ற பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். எடை, இரத்த அழுத்தம், நாடி, இரத்தம் ஆகியவற்றைச் சோதித்து வேறு நோய் உள்ளதா என்று பார்ப்பார்கள். அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மனநலப் பிரிவு என்றதும் பயப்பட வேண்டாம். அங்கே போவதால் யாரும் பைத்தியம் ஆகிவிடுவதில்லை. நேரில் பேசத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனையை இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பெறலாம்.

சில கேள்விகள்

"பையன் குண்டா இருக்கான், இளைச்சா நல்லதுதானே?" மருத்துவர் சொல்லி, நன்றாகச் சாப்பிட்டு, மெதுவாகக் குறைவது நல்லது. சோற்றை விட்டுத் திடுதிப்பென்று இளைப்பது, குண்டாக இருந்தவனுக்கும் ஆபத்து.

"ஜிம்முக்கே அனுப்பக் கூடாதா?" தாராளமாக அனுப்பலாம். உடற்பயிற்சி நல்லது. சாப்பாடும் தூக்கமும் நண்பர்களும் போய், அது ஒன்றே மிஞ்சினால்தான் கவலை.

"முழுசா குணமாகுமா?" பலருக்கு ஆகும். மாதங்களும், சிலருக்கு ஆண்டுகளும் பிடிக்கும். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் தேறலாம்.

நினைவில் வையுங்கள்

உண்ணும் கோளாறு ஆணுக்கும் வரும். அது நோய், குற்றம் அல்ல. இளைப்பையும் தனிமையையும் கண்டதும் கேளுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். சதை ஊசியை வீட்டுக்குள் விடாதீர்கள். இன்று இரவு உங்கள் வீட்டில் யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்பதைக் கணவனும் மனைவியும் கவனித்துப் பாருங்கள். சாப்பிடாத பிள்ளை இருந்தால், இந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள்.